நாவான முன்கைத் தோல்

பகர மகரங்கள் இதழ் இயைவதால் பிறப்பன. டகரத்திற்கும் ழகரத்திற்குமோ நா வளைந்து மேலெழ வேண்டும். தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துக் காட்டும் இந்நுட்பம், நாவிற் புற்றுநோய் கண்டு அறுவைக்கு உட்பட்டவர்க்கு அன்றாடத் துன்பமாகவே விளங்கிவிடுகிறது.

நோயுற்ற நாவை அறுத்தெடுப்பது புதிதன்று. சுவிட்சர்லாந்தின் கோச்சர், கழுத்தின் வழியே சென்று அறுக்கும் முறையை 1880-இல் வெளியிட்டார். அறுத்த இடத்தை நிரப்புவது எங்ஙனம் என்பதே நெடுநாள் தீராத வினா. எஞ்சிய நாவை இழுத்துத் தைத்தால் அது வாயின் அடித்தளத்தோடு ஒட்டிக்கொள்ளும்; உணவைத் தள்ளாது; சொல்லும் குழறும்.

1963-இல் கிளாஸ்கோ நகரின் மெக்கிரகர் நெற்றித் தோலை வாய்க்குள் திருப்பி ஒட்டும் முறையை எழுதினார். நெற்றியில் வடு நின்றது. 1979-இல் அமெரிக்க மருத்துவர் ஆரியன் மார்புத் தசையையும் அதன் மேல்தோலையும் ஒருங்கே கொணர்ந்தார். அது பலரைக் காத்த முறையே; எனினும் தசையின் பருமன் நாவின் அசைவுக்குச் சுமையாயிற்று. இரண்டிலும் தோலானது தன் குருதிக் குழாயோடு தொடர்பு அறாமலே வரவேண்டியிருந்தது.

அத்தொடர்பை அறுத்து வேறிடத்தில் இணைக்க வழிகாட்டியது உருப்பெருக்கி. 1960-இல் ஜேக்கப்சன், சுவாரெஸ் இருவரும் மில்லிமீட்டர்க் கணக்கிலான குழாய்களை அதன்கீழ்த் தைத்துக் காட்டினர். பின்னர்ச் சீனத்தின் ஷென்யாங் நகரில் யாங் குவோஃபான் குழுவினர் முன்கைத் தோலை அதன் தமனியோடு எடுத்துப் பயன்படுத்தி, 1981-இல் வெளியிட்டனர். அவர்கள் அதனைத் தீக்காயத் தழும்புகளுக்கே முதலில் கையாண்டனர். 1983-இல் கிளாஸ்கோவின் சவுட்டர் குழுவினர் வாய்க்குள் அதன் பயனை விளக்கினர்.

அத்தமனி எது? நாம் மணிக்கட்டில் நாடி பார்க்கும் குழாயேதான்! அதை எடுத்தபின் கை வாழுமா என்பதற்கு 1929-இல் ஆலன் வகுத்து, பின்னர்த் திருத்தப்பெற்ற எளிய சோதனை உதவுகிறது. இரு தமனிகளையும் அழுத்தி உள்ளங்கையை வெளிறச் செய்து, சுண்டுவிரற் பக்கத் தமனியை மட்டும் விடுவர். கை விரைவில் சிவந்தால் அச்சமில்லை. எடுத்த தோலின் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு தைப்பர். மெல்லியதாதலின் அத்தோல் நன்கு மடங்கும். ஆடவர் சிலர்க்கு வாய்க்குள் மயிர் முளைப்பதும் உண்டு!

இத்தோல் சுவை அறியாது. தானே அசையவும் அசையாது. எஞ்சிய நா கட்டுண்டு போகாமல் இயங்க இடந்தருவதே அதன் பணி. ஆதலின் பேச்சு எவ்வளவு மீளும் என்பது, எடுத்தது எவ்வளவு, எப்பகுதி என்பதைப் பெரிதும் பொறுத்தது. பக்கத்தில் ஒரு பகுதி மட்டும் இழந்தவர், பயிற்சிக்குப்பின் பிறர்க்கு விளங்கப் பேசுகின்றனர். நுனியை இழந்தவர்க்கு ழகரம் எளிதில் திரும்புவதில்லை.