எல்கை மாட்டுக்கு மட்டும்தானா?

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. பசியாவரத்தில் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் டூர் டி பிரான்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரிக்காற்று நன்றாக இருந்தது, சிக்னல்தான் விட்டு விட்டு வந்தது. அன்றைக்கு மலை ஏற்றம். சைக்கிள் வீரர்கள் போக ரெண்டு முழம் வழி விட்டு, இரு பக்கமும் ஜனம் நெருக்கியடித்து நிற்கிறது. ஒருத்தன் கொடியைப் பிடித்துக்கொண்டு வீரர் கூடவே ஓடுகிறான். பக்கத்தில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மாமா எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, வேலி கீலி ஒண்ணும் போட மாட்டாங்களா?"

"கடைசியில கொஞ்ச தூரம் போடுவாங்க மாமா. மூவாயிரம் கிலோமீட்டருக்கு எங்க போடறது?"

"அப்ப ஜனம் மேல வந்து வுழாதா?"

விழுந்திருக்கிறது. அவர் கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு ரெண்டு மாதம் படித்ததன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. சைக்கிளில் ஆரம்பித்து, கடைசியில் நம்ம ஊர் மாட்டுவண்டிப் பந்தயத்தில் வந்து நின்றேன். ரெண்டுக்கும் சிக்கல் ஒன்றுதான்.

சாலையே மைதானம்

1903-ல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பார்க்க டிக்கெட் கிடையாது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பந்தயம் நம்மைத் தேடி வரும். அதன் அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான். 1904-லேயே சென்ட் எத்தியென் பக்கத்து மலைச்சாலையில், உள்ளூர் வீரர் ஃபோரே ஜெயிக்க வேண்டும் என்று ஒரு கும்பல் மற்ற வீரர்களைத் தடியால் அடித்திருக்கிறது. அடி வாங்கியவர்களில் முதல் டூரை ஜெயித்த மோரிஸ் கராங்கும் ஒருவர்.

டூரில் பந்தயத்தின் நடுவே விழுந்தோ சுருண்டோ இறந்த வீரர்கள் மூன்று பேர்: 1935-ல் பிரான்சிஸ்கோ செபேடா, 1967-ல் டாம் சிம்சன், 1995-ல் ஃபாபியோ கசார்டெல்லி. மூன்று பெயரும் சைக்கிள் ரசிகர்களுக்கு மனப்பாடம். ஆனால் டூர் வரலாற்றிலேயே அதிக உயிர் போன நாள் வேறு. 1964 ஜூலையில், தென்மேற்கு பிரான்சில் தோர்தோன் பகுதியில் போர்-த-கூஸ் என்ற இடத்தில், பந்தயத்தோடு போன எரிபொருள் லாரி ஒன்று பாலத்துக்கிட்டே கட்டுப்பாட்டை இழந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் புகுந்தது. அந்த ஒரு நாளில் போன உயிர்கள், மேலே சொன்ன மூன்று வீரர்களைவிட மிக அதிகம். அந்தப் பெயர்களை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

அதற்குப் பிறகும் நடந்தது. வீரர்கள் வருவதற்கு முன்னால் விளம்பர வண்டிகள் ஊர்வலமாகப் போய்த் தொப்பி, மிட்டாய் என்று வீசும். 1930-லிருந்து இருக்கும் வழக்கம். 2000-ல் ஒரு 12 வயதுப் பையனும் 2002-ல் ஒரு 7 வயதுப் பையனும் அந்த வண்டிகளில் அடிபட்டு இறந்தார்கள். 2009-ல் சாலையைக் கடந்த ஒரு பெண்மணி போலீஸ் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்தார். கவனித்தீர்களா? நாலு சம்பவத்திலும் கொன்றது சைக்கிள் இல்லை, சைக்கிளுக்கு முன்னும் பின்னும் போகிற வண்டிகள்.

கூட்டத்தால் வீரர் விழுவது இன்னொரு பக்கம். 1994-ல் அர்மாந்தியேர் முடிவுக்கோட்டில் படம் எடுக்க ஒரு அடி முன்னால் வந்த போலீஸ்காரர் மேல் நெலிசன் மோதினார். ஜலாபெரும் சேர்ந்து விழுந்து முகம் உடைந்தார். 2016-ல் வாந்து மலையில் காற்று அதிகம் என்று முடிவுக்கோட்டைக் கீழே இறக்கினார்கள். உச்சி வரை பரவியிருக்க வேண்டிய ஜனம் கீழே அடைந்துகொண்டது. முன்னால் போன மோட்டார் சைக்கிள் நகர முடியாமல் நிற்க, வீரர்கள் அதன்மேல் மோத, சைக்கிள் உடைந்த கிறிஸ் ஃப்ரூம் மஞ்சள் பனியனோடு மலையில் ஓடிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

2021 ஜூன் 26 உங்களுக்கு நினைவிருக்கும். தாத்தா பாட்டிக்கு வாழ்த்து எழுதிய அட்டையை நீட்டிக்கொண்டு ஒரு பெண் சாலை ஓரத்தில் நின்றார். டோனி மார்ட்டின் அதில் மோத, பின்னால் வந்த கூட்டம் மொத்தமும் சரிந்தது. பிரெஸ்ட் நீதிமன்றம் அவருக்கு 1,200 யூரோ அபராதம் போட்டது. அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அவர் வீரர்களைப் பார்க்கவே இல்லை. முன்னால் போன கேமரா பக்கம் திரும்பி நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் பந்தயம் வருகிறது.

எல்கைப் பந்தயம்

இதே முதுகை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கூட வேலை பார்த்த நண்பனின் ஊர் காரைக்குடி பக்கம். கோயில் திருவிழாவுக்கு அழைத்துப் போனான். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் இதை மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் என்பார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளா வேறு மாதிரி: 200 மீட்டர், 300 மீட்டர் என்று நேர்கோட்டில் ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்ப்பது. எல்கைப் பந்தயத்தில் எல்லா வண்டியும் ஒன்றாகக் கிளம்பும், அதுவும் ஊர்ச்சாலையில். பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரிவுகள். வண்டியில் சாரதி ஒருவர், துணைச் சாரதி ஒருவர். தூரம் இன்றைக்கும் மைல் கணக்குதான். பெரிய மாட்டுக்குப் போய்வர 8 மைல் என்பார்கள். பாதித் தூரத்தில் இருக்கும் எல்கையைத் தொட்டுத் திரும்ப வேண்டும்.

அங்கே நின்றபோது கவனித்த மூன்று விஷயம்.

ஒன்று, முதல் வண்டி கடந்தவுடன் கூட்டம் சாலைக்குள் மூடுகிறது. போன வண்டியின் பின்பக்கத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் இறங்குகிறார்கள். அடுத்த வண்டி அவர்கள் முதுகுப் பக்கம் வருகிறது.

ரெண்டு, எல்கையைத் தொட்டு முதல் வண்டி திரும்பி வரும்போது கடைசி வண்டி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே சாலையில் எதிரெதிர் ஓட்டம். நடுவில் தடுப்பு இல்லை.

மூன்று, பைக். வண்டிக்கு இருபுறமும் பின்னாலும் பத்து இருபது பைக், ஒன்றில் மூன்று பேர், கூச்சல், ஆரன். மாடு மிரண்டால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சாரதிக்கே தெரியாது.

டூரில் கொன்றதும் கூட வந்த வண்டிகள்தானே. அந்த ஞாபகம் வந்ததும் நான் ஓரத்திலிருந்து ஒரு வீட்டுப் படியில் ஏறிக்கொண்டேன். நண்பன் சிரித்தான்.

வேலிக் கணக்கு

சரி, வேலி போட்டால் என்ன? தொழில் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 மைல் போய்வர என்றால் சாலை 4 மைல், சுமார் 6.4 கிலோமீட்டர். இரு பக்கமும் 12.8 கிலோமீட்டர். இரண்டரை மீட்டர் நீளத் தடுப்பு என்றால் 5,120 தடுப்புகள் வேண்டும். எந்த ஊர் விழாக் கமிட்டியாலும் ஆகாது.

வேலி போட முடிந்தவர்கள் எல்லாம் இடத்தைச் சுருக்கிக்கொண்டவர்கள்தான். நான் ஊருக்குப் போகிற வழியில் சோழவரம் வரும். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அங்கே உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த இடத்தில்தான் பல வருடம் கார், பைக் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்ததும் பந்தயம் அங்கே போய்விட்டது. 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 ஓடியபோது, மூன்றரைக் கிலோமீட்டருக்கும் கான்கிரீட் சுவர் எழுப்பி மேலே கம்பிவலை கட்டினார்கள்.

ஜல்லிக்கட்டுக்கும் அதேதான். அதற்கு வாடிவாசல் உண்டு, இடம் உண்டு. அதனால் இரட்டைத் தடுப்பு, பொதுப்பணித்துறை சான்று கொடுத்த மேடை, ஆம்புலன்ஸ் என்று விதி எழுத முடிந்தது. இதில் ஒரு வேடிக்கை: நாடு முழுக்கப் பேசப்பட்ட ஜல்லிக்கட்டு வழக்கின் ஆரம்பமே ஒரு ரேக்ளா மனுதான். பந்தயம் நடத்த அனுமதி கேட்டு வந்த மனுவில்தான் 2006 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி பானுமதி ரேக்ளா, ஜல்லிக்கட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடை சொன்னார். பிறகு 2014-ல் உச்ச நீதிமன்றத் தடை, 2017-ல் மெரினா, சட்டத் திருத்தம், 2023 மே 18-ல் அது செல்லும் என்ற தீர்ப்பு. திருத்தச் சட்டம் ஜல்லிக்கட்டுக்குத் தரும் விளக்கத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா பெயர் சொல்லி இருக்கின்றன. எல்கைப் பந்தயத்தின் பெயர் அந்த வரிசையில் இல்லை. பதினேழு வருட வாதத்தில் பெரும்பகுதி மாட்டின் வலியைப் பற்றியது. அது தேவையான வாதம்தான். சாலையோரத்தில் நிற்கிறவனைப் பற்றிய பேச்சு அதில் ஓரமாகவே நின்றுவிட்டது.

விபத்து நடந்த பிறகு

வேலி முடியாது என்றால் இன்னொரு வழி, தடை. 1957-ல் இத்தாலியின் மில்லே மிலியா கார் பந்தயத்தில் டயர் வெடித்து ஒரு கார் கூட்டத்தில் புகுந்தது. ஓட்டியவர், உடன் இருந்தவர் தவிர வேடிக்கை பார்த்த 9 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். அத்தோடு அந்தப் பந்தயத்தின் கதை முடிந்தது.

நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையில் தியத்தலாவ. 2024 ஏப்ரல் 21, பாக்ஸ் ஹில் கார் பந்தயம். ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு நடந்ததால் பெருங்கூட்டம். ஒரு கார் தடத்தில் கவிழ்ந்தது. பணியாளர்கள் மஞ்சள் கொடி காட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கார் தடம் விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அதில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி, பந்தயப் பணியில் இருந்தவர்களும் உண்டு. இங்கேயும் முதல் வண்டி இல்லை, அடுத்து வந்த வண்டி.

எங்கள் ஏரியிலும் இப்படி ஒரு நாள் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அது பந்தயம் இல்லை. ஆனாலும் நடந்த முறை ஒன்றுதான். அதுவரை விதி இல்லை, மறுநாளிலிருந்து தடை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

நடுவில் ஒன்று இருக்க முடியாதா? சைக்கிள்காரர்கள் வழி தேடியிருக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் போலந்து டூரில், கத்தோவித்சேயின் இறக்கமான முடிவுக்கோட்டில், க்ரூனவேகன் ஒதுக்கியதில் யாகோப்சன் தடுப்பில் மோதினார். தடுப்புகள் சிதறிப் பறந்தன, அவர் கோமாவுக்குப் போய்த் திரும்பினார். ஒதுக்கியவருக்கு ஒன்பது மாதத் தடை. ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. இறக்கத்தில் ஏன் முடிவுக்கோடு, தடுப்பு ஏன் பிரிந்தது என்று கேட்டார்கள். ஓடுபாதையின் அமைப்பையும் தடுப்பின் தரத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வலுத்தது அதன் பிறகுதான். மற்றபடி டூரில் செய்வது எளிய வேலை: ஆபத்தான திருப்பத்தில் விசிலும் மஞ்சள் கொடியுமாக ஒரு ஆள், கடைசி வண்டி கடக்கும் வரை சாலை திறக்காது என்ற கட்டு.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"ஏரியில மட்டும் வேலி போட முடியுமா? பாடு இல்லியா?"

பழவேற்காட்டு ஏரியில் வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. யார், எந்த இடம், எந்த நாள் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். தண்ணீரில் கோடு கிழிக்க முடியாது. அதனால் கோட்டை ஆட்களுக்குள் கிழித்து வைத்தார்கள், அதைக் காக்கிற பொறுப்பு ஊருக்கு.

சாலைக்கும் அதையே செய்யலாம் என்று நினைக்கிறேன். 4 மைலை ஊர்த்தெருக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. ஒவ்வொரு துண்டுக்கும் பேர் சொல்லி நாலு ஆள், ஒரு விசில். கடைசி வண்டி போகும் வரை யாரும் சாலையில் இறங்கக்கூடாது. கயிறு கிளம்புமிடம், எல்கை, முடிவுக்கோடு மூன்றிலும் மட்டும் போதும். கூட ஓடுகிற பைக் ஒன்றும் வேண்டாம். இதற்கு 5,120 தடுப்பு தேவையில்லை, ஒரு சாயங்காலக் கூட்டம் போதும்.

நண்பனிடம் போனில் சொன்னேன். "பைக்கை நிறுத்தச் சொன்னா பசங்க கேக்க மாட்டாங்கடா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "விசில் ஆளு போடலாம், கமிட்டியில சொல்றேன்" என்றான். அடுத்த திருவிழாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் ஏற்கெனவே இப்படி ஏதாவது கட்டுப்பாடு வைத்து நடத்துகிறார்கள் என்றால் சொல்லுங்கள், இந்தக் குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.