எரிந்த தாள்களும் எஞ்சிய நாட்குறிப்பும்

கல்வி உளவியல் கற்ற ஆசிரியர்க்குச் சிரில் பர்ட் என்னும் பெயர் புதிதன்று. இளங்குற்றவாளியைப் பற்றி 1925இலும், பின்தங்கிய குழந்தையைப் பற்றி 1937இலும் அவர் எழுதிய நூல்கள் பிரித்தானிய ஆசிரியர் பலர்க்குக் கைந்நூல்களாக விளங்கின. ஆயினும், அச்சேறிய அந்நூல்களைவிட, அச்சேறாது அவர் இல்லத்தில் கிடந்த தாள்களே அவர் புகழின் போக்கை மாற்றின என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

பர்ட் 1883ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு மருத்துவரின் மைந்தராகப் பிறந்தார். அறிவுத்திறன் குருதிவழி வருவது என்று வாதிட்ட பிரான்சிஸ் கால்டனின் குடும்பத்தார் அவர் தந்தையாரிடம் மருத்துவம் பார்த்துக் கொண்டவர்கள். இளமையில் விழுந்த அவ்வித்து இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. ஆக்ஸ்போர்டில் மக்டூகலிடம் உளவியல் பயின்றார். லிவர்பூலில் விரிவுரையாளராக இருந்தார். 1913இல் இலண்டன் மாவட்ட மன்றம் அவரைத் தன் பள்ளிகளுக்கு உளவியலாளராக அமர்த்தியது. பிரித்தானியாவில் இத்தகைய பதவி பெற்ற முதல்வர் அவரே. நாற்காலியில் அமர்ந்து கருத்துரைத்தவர் என்று அவரைக் கருதிவிடக் கூடாது. பள்ளி பள்ளியாகச் சென்று குழந்தைகளைச் சோதித்தார். தவறிழைத்த சிறாரின் வீட்டு நிலையையும் வறுமையையும் ஆராய்ந்தார். ஒரு குற்றத்திற்கு ஒரே காரணம் தேடுவது பேதைமை என்று காட்டினார். என் மதிப்பீட்டில் அவருடைய வாழ்நாளின் சிறந்த பணி அதுவே.

1924இல் இலண்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் பேராசிரியரானார். 1932 முதல் 1950 வரை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஸ்பியர்மனின் இருக்கையில் அமர்ந்தார். 1946இல் சர் பட்டமும் வந்தது.

இனி இரட்டையர் ஆய்வுக்கு வருவோம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் இருவேறு வீடுகளில் வளர்ந்தும் அவர்தம் நுண்ணறிவு ஒத்திருக்குமாயின், அவ்வொற்றுமை பிறப்பால் வந்தது என்று வாதிடலாம். அத்தகைய இரட்டையர் கிடைப்பது அரிது. பர்ட் 1955இல் 21 இணைகளையும் 1966இல் 53 இணைகளையும் பற்றி எழுதினார். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் இங்கிலாந்தில் பரவிய பதினொரு வயதுத் தேர்வு கண்டனத்திற்கு உள்ளானபோது, இவ்வெண்கள் அதற்கு அரணாயின. 1969இல் அமெரிக்காவில் ஆர்தர் ஜென்சன், வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் இடையிலான நுண்ணறிவு மதிப்பெண் வேறுபாட்டில் மரபுக்கும் பங்கிருக்கலாம் என்று வாதிட்ட கட்டுரையிலும் பர்ட்டின் எண்கள் சான்றாயின. எத்தனை குழந்தைகளின் எதிர்காலம் ஒரு பேராசிரியரின் பட்டியலோடு பிணைக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1971 அக்டோபரில் பர்ட் மறைந்தார். அவர் இல்லத்தில் தேயிலைப் பெட்டிகள் சிலவற்றில் பழந்தாள்கள் அடைந்து கிடந்தன. அவற்றை என்செய்வது என்று இல்லத்தைக் கவனித்து வந்த செயலாளர் அம்மையார் வினவ, எடின்பரோவிலிருந்து வந்த பேராசிரியர் லியம் ஹட்சன் பயனற்றவை என்று கருதினார். தாள்கள் எரியூட்டப்பட்டன. தீய எண்ணம் எதுவும் அங்கில்லை. அதுதான் இன்னும் வருத்தம் தருவது.

மூன்றாண்டு கழித்து, 1974இல், அமெரிக்க உளவியலாளர் லியோன் காமின் ஒரு விந்தையைச் சுட்டினார். தனித்து வளர்ந்த இரட்டையர்க்கு 1955இல் பர்ட் தந்த உடன்தொடர்புக் கெழு 0.771. இணைகளின் தொகை 53 ஆகப் பெருகிய பின்னும் அது 0.771. சேர்ந்து வளர்ந்தவர்க்கு இருமுறையும் 0.944. ஒரு வகுப்பில் முப்பது மாணவர் புதிதாகச் சேர்ந்த பிறகும் சராசரி மூன்றாம் பதின்ம இடம்வரை அசையவில்லை என்று ஓர் ஆசிரியர் சொன்னால் நாம் பதிவேட்டைக் கேட்க மாட்டோமா? 1976இல் ஆலிவர் கில்லி சண்டே டைம்ஸ் இதழில், பர்ட்டின் துணையாய்வாளராகக் குறிக்கப்பட்ட ஹோவார்டு, கான்வே என்னும் இருவரையும் தேடிக் காணவியலவில்லை என்று எழுதினார்.

நெருப்புக்குத் தப்பியவை நாட்குறிப்புகளும் கடிதங்களும். பர்ட்டின் தங்கை அவற்றை லிவர்பூல் பேராசிரியர் லெஸ்லி ஹெர்ன்ஷாவிடம் அளித்து வாழ்க்கை வரலாறு எழுதப் பணித்தார். நினைவுக் கூட்டத்தில் பர்ட்டைப் போற்றி உரையாற்றியவர் இந்த ஹெர்ன்ஷா, பகைவர் அல்லர். ஆனால், சிறு செய்திகளையும் பதிந்து வைத்த அந்நாட்குறிப்புகளில், ஓய்வு பெற்றபின் புதிய இரட்டையரைச் சோதித்ததற்குச் சுவடு இல்லை. ஹார்வர்டின் கிறிஸ்டபர் ஜெங்ஸ் மூல மதிப்பெண்களைக் கேட்டு எழுதியிருந்தார். 1969 ஜனவரியில் பர்ட் நாட்கணக்கில் அவற்றைக் ‘கணக்கிட்ட’ செய்தி நாட்குறிப்பிலேயே இருந்தது. கையில் உள்ள பட்டியலைப் படியெடுக்க ஒரு பொழுது போதுமே! 1979இல் வெளிவந்த வரலாற்றில் ஹெர்ன்ஷா, பர்ட் தரவுகளைப் புனைந்தார் என்று தீர்ப்பெழுதினார். நண்பராக எழுதத் தொடங்கியவர்க்கு அவ்வரிகளை எழுதக் கை கூசியிருக்கும்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. 1989இல் ஜாயின்சனும் 1991இல் பிளெட்சரும் பர்ட்டுக்காக வாதாடினர். எரிந்த பெட்டிகளில் மூலத்தாள்கள் இருந்திருக்கலாம், நாட்குறிப்பின் மௌனம் சான்றாகாது என்பது அவர்தம் வாதங்களுள் தலையாயது. 1990இல் மின்னசோட்டா ஆய்வினர் தாமே சோதித்த இரட்டையரிடம் பர்ட்டின் எண்ணுக்குப் பெரிதும் விலகாத அளவைக் கண்டனர். ஆனால், விடை பொருந்துவதால் வழிமுறை மெய்யாகிவிடாது. கணிதத் தாள் திருத்தும் எவரும் இதனை அறிவர். 1980இல் ஹெர்ன்ஷாவின் முடிவை ஏற்ற பிரித்தானிய உளவியல் கழகம், 1992இல் இக்குற்றச்சாட்டின் மெய்ம்மை குறித்துத் தனக்கென ஒரு கருத்தில்லை என அறிவித்தது.

பர்ட்டின் எஞ்சிய தாள்கள் லிவர்பூல் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கடிதங்கள் உண்டு, குறிப்புகள் உண்டு, இரட்டையர் 53 இணையரின் மூல விடைத்தாள்கள் மட்டும் எங்கும் கிட்டவில்லை.