மாணவர்கள் தேடிய விடை

நம் பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபையாரை அறியாதவர் இலர். ஏழைக் குடும்பங்களின் வீடு தேடிச் சென்று, அரிசியோ மருந்தோ பள்ளிக் கட்டணமோ கொடுத்து, ஆறுதலாய் நான்கு வார்த்தை பேசி வருவது அவர்கள் பணி. பெரும்பாலும் நரைத்த தலையினரையே அச்சபையில் காண்கிறோம். ஆனால் அதைத் தோற்றுவித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அதுவும், விசுவாசத்தைப் பழங்கதை என ஒதுக்கிய ஒரு பல்கலைக்கழகச் சூழலில் அது பிறந்தது. பிள்ளைகளை உயர்கல்விக்கு அனுப்பிவிட்டுக் கலங்கும் நாம் அந்த வரலாற்றை ஒருமுறை நினைவுகூர்வது நல்லது.

1831-ஆம் ஆண்டு நவம்பரில், பிரெடெரிக் ஓசானாம் என்னும் 18 வயது இளைஞர் லியோன் நகரிலிருந்து சட்டம் பயிலப் பாரிசுக்கு வந்தார். முந்திய ஆண்டுதான் அங்கே புரட்சி நடந்திருந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் பேராயரின் இல்லமே சூறையாடப்பட்டிருந்தது. சோர்போன் பல்கலைக்கழக விரிவுரைகளில் திருச்சபையின் காலம் முடிந்துவிட்டதென்ற பேச்சு சாதாரணமாக ஒலித்தது. ஓசானாமும் ஐயமே அறியாதவர் அல்லர். பள்ளிப் பருவத்தில் விசுவாசத்தைப் பற்றிய ஐயங்களால் உறக்கமிழந்து, ஆசிரியராயிருந்த குரு ஒருவரின் துணையால் தெளிவு பெற்றவர் அவர்.

பாரிசில் அவருக்கு அடைக்கலம் தந்தது ஆம்பியரின் இல்லம். மின்னோட்டத்தின் அலகுக்கு இன்று எவருடைய பெயரை நம் பிள்ளைகள் படிக்கின்றனரோ, அவரேதான். தலைசிறந்த அறிவியலாளர் ஒருவர் இறைவேண்டலிலும் ஊன்றி நிற்பதை அந்த இளைஞர் அருகிருந்து கண்டார். ஆயிரம் அறிவுரை செய்யாததை அந்த ஒரு காட்சி செய்திருக்கும்.

1832-இல் மெய்யியல் பேராசிரியர் ஷுஃப்ருவா தம் வகுப்பில் இறைவெளிப்பாட்டை மறுத்துப் பேசியபோது, ஓசானாமும் நண்பர்களும் தங்கள் மறுப்பை எழுதி அவரிடம் கொடுத்தனர். பேராசிரியர் அதை வகுப்பில் எடுத்துப் பேச நேர்ந்தது. கூச்சலுமின்றி, வகுப்பைப் புறக்கணிப்பதுமின்றி, கற்றவர் முறையிலேயே அவர்கள் விடையளித்தனர். இமானுவேல் பாயி என்னும் பத்திரிகையாளரின் ஆதரவில் நடந்த வரலாற்றுக் கருத்தரங்கிலும் பங்கேற்று, எல்லாக் கொள்கையினரோடும் வாதிட்டனர்.

அங்கேதான் அந்தக் கேள்வி எழுந்தது. கிறிஸ்தவம் முற்காலத்தில் பெருஞ்செயல்கள் புரிந்தது உண்மை. இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எதிரணியினர் கேட்டனர். வாதத்தில் வல்ல அந்த மாணவர்களிடம் இதற்கு விடை இல்லை.

விடையை அவர்கள் நூலகத்தில் தேடவில்லை. 1833 ஏப்ரல் 23 அன்று, ஓசானாமுக்கு 20 வயது நிறைந்த அதே நாளில், மாணவர் அறுவரும் பாயியுமாக எழுவர் கூடினர். முஃப்தார் தெருப் பகுதியில் வறியோரிடையே உழைத்துவந்த அருட்சகோதரி ரோசாலி ரெந்துவை நாடினர். எந்த வீட்டுக்குச் செல்வது, எப்படிப் பேசுவது என்பதை அவரிடமே கற்றனர். முந்திய ஆண்டுதான் காலரா பாரிசில் பல்லாயிரம் பேரைப் பலிகொண்டிருந்தது. சபையின் கிளைகள் இன்றும் 'கான்பரன்ஸ்' என வழங்குவது, அந்தப் பழைய கருத்தரங்கின் நினைவே.

ஏழைகளுக்கு உதவுவது எவ்வளவு நோக்கமோ, தங்கள் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதும் அவ்வளவு நோக்கமாய் அவர்களுக்கு இருந்தது. தனியே நின்றால் தளர்ந்துவிடுவோம் என உணர்ந்து நட்பால் பிணைந்தனர். அந்நட்புக்கு ஒரு பணியையும் தந்தனர். பல்கலைக்கழகத்தையும் அவர்கள் துறக்கவில்லை. தாந்தேயை ஆராய்ந்து 1839-இல் முனைவர் பட்டம் பெற்ற ஓசானாம், பின்னர் அதே சோர்போனில் பேராசிரியராய் அமர்ந்தார். 1853-இல், 40 வயதில் மறைந்தார். 1997 ஆகஸ்டு 22 அன்று, உலக இளைஞர் நாளுக்காகப் பாரிசில் இளைஞர் திரண்டிருந்த வேளையில், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் நோத்ர் தாம் பேராலயத்தில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

நம் பிள்ளைகள் விடுதிக்குப் புறப்படும்போது, ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதே என்று சொல்லி அனுப்புகிறோம். அது வேண்டியதே. ஆயினும் ஓசானாமுக்குக் கிடைத்தவற்றை எண்ணிப் பார்ப்போம்: ஐயத்தைக் கண்டு சினவாத ஒரு குரு, கற்றும் செபித்தும் வாழ்ந்த ஒரு பெரியவர், கூட நடந்த நண்பர்கள், ஏழையின் வாசலைக் காட்டிய ஒரு சகோதரி. நம் பங்கின் எல்லைக்குள்ளும் ஏதோவொரு விடுதியில், வேற்றூரிலிருந்து வந்த மாணவர்கள் தங்கியிருக்கலாம். அடுத்த வாரம் ஏழைகளைச் சந்திக்கச் செல்லும்போது, அவர்களில் ஒருவரையேனும் உடன் வா என்று அழைப்போமா?