மன்னார்ச் சாயவேர்

இலங்கை மலைநாட்டின் உயர்ந்த புல்வெளிகளில் வளரும் சிறு நில ஆர்க்கிடுகள் தம் உயிர்ப்பைக் கிழங்கில் தேக்கி மண்ணுள் மறைத்து வைப்பன. அவ்வாறே தன் செல்வத்தை நிலத்தடியில் ஒளித்து வைத்த சிறுசெடி ஒன்று மன்னார்க் கரையின் மணற்பரப்பிலும் உண்டு. அதுவே சாயவேர், இம்பூரல் எனவும் வழங்கும். சிறிய வெண்பூக்களையுடைய இவ்வெளிய செடியின் வேர்ப்பட்டையை நாடி அரசுகள் போட்டியிட்டன.

படிகாரம் ஊட்டிய பருத்தித் துணியில் இவ்வேரின் சாறு பற்றிக் கழுவக் கழுவ மங்காத செந்நிறம் தரும். சோழமண்டலக் கரையின் சாயத் துணிகள் கடல் கடந்து புகழ்பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பெனி, வேர் வாணிகத்தைத் தன் தனியுரிமையாக்கியது. எவரும் விதையாது தானே முளைத்த செடி அரசின் உடைமையாயிற்று. மெல்லிய வேரை அறாது அகழ்தல் பொறுமை வேண்டும் தொழில். அத்தொழிலோர் கட்டாய ஊழியத்துக்கு உட்பட்டனர். கம்பெனி குறித்ததே விலை. 1795இல் ஆங்கிலேயர் வந்த பின்னரும் அம்முறை உடனே ஒழிந்திலது.

1868இல் ஜெர்மானிய வேதியியலார் கிரேபே, லீபர்மன் இருவரும் அலிசரின் என்னும் செஞ்சாயத்தை ஆய்வுகூடத்தில் ஆக்கினர். சாயவேரில் உள்ளதும் அப்பொருளே. ஆலைச்சாயம் மலியவே, வேரை நாடுவார் அருகினர்.

மன்னாரின் வரலாற்றை முத்துக்குளிப்பால் மட்டும் அளப்போர், மணலில் குனிந்து வேர் அகழ்ந்தோரையும் அதனுள் சேர்த்தெண்ணுதல் வேண்டும்.