தானே தருவித்த பேட்டரி: தீப்பிடித்தால் பொறுப்பு யாருக்கு?

2022 மார்ச் இறுதியில் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றம் செய்யப்பட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தனர். அது ஒரு நிறுவனம் தயாரித்த வண்டி; கேள்வி கேட்க ஒரு முகவரியாவது இருந்தது. அவ்வாண்டில் அடுத்தடுத்து நேர்ந்த விபத்துகளைத் தொடர்ந்து, மின் வாகன பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 தரவிதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால், லித்தியம் செல்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து, தாமே பற்றவைத்து இணைத்து, மிதிவண்டிக்கோ ட்ரோனுக்கோ பொருத்திக்கொள்ளும் ஆர்வலர்களை இவ்விதிகள் எட்டுவதில்லை.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளால் நேரும் தீங்குக்குத் தயாரிப்பாளரையும் விற்பனையாளரையும் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பாளர் இந்தியச் சட்டத்துக்கு எட்டாதவராக இருந்தால், விற்றவர் மீதே வழக்குத் தொடரலாம் என்கிறது 86-ஆவது பிரிவு. நல்ல ஏற்பாடுதான். எனினும், வணிக நோக்கில் இறக்குமதி செய்பவரையும் விற்பவரையுமே சட்டம் விற்பனையாளராகக் கருதுகிறது. சொந்த உபயோகத்துக்கு நேரடியாகத் தருவித்தவருக்கு இங்கு அப்படி ஒருவர் இல்லை. உள்ளூர்க் கடையில் வாங்கியிருந்தாலும், பொருள் மாற்றியமைக்கப்பட்டதையோ தவறாகப் பயன்படுத்தப்பட்டதையோ காட்டி, 87-ஆவது பிரிவின்கீழ் கடைக்காரர் விலகிக்கொள்ளலாம்.

ஆக, தீ அடுத்த வீட்டுக்குப் பரவினால், கவனக்குறைவுக்கான உரிமையியல் வழக்கில் அந்த ஆர்வலரே பிரதிவாதி. ஜெயங்கொண்டம் வட்டாரத்து நெசவுத் தெரு ஒன்றை எண்ணிப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தறியும் பாவும் நூலுமே குடும்பத்தின் முழு முதலீடு. சில ஆயிரம் ரூபாய் பேட்டரியால் அவை எரிந்தால், தீர்ப்பு கிடைத்தாலும் ஈடுசெய்ய அவரிடம் பணம் இருக்குமா? பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்போம். அனுபவிப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர்.

இவ்விடத்தில்தான் காப்பீடு உதவ வேண்டும், உதவுவதில்லை. நமது வழக்கமான தீக் காப்பீட்டில், மின்கசிவாலோ உட்சூட்டாலோ பழுதான சாதனத்துக்கு இழப்பீடு கிடையாது. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த பிற உடைமைகளுக்கு உண்டு. (இந்த வேறுபாடு பத்திரத்தின் பொடி எழுத்துகளுக்குள் இருப்பதால், பெரும்பாலோர் அறிவதில்லை.) 2021 ஏப்ரலில் அறிமுகமான பாரத் கிருஹ ரக்ஷா, காப்பீடு செய்தவரின் கட்டடத்துக்கும் உடைமைகளுக்குமானது, அண்டை வீட்டாரின் இழப்பு அதில் சேராது. அண்டை வீட்டாரிடம் தனிக் காப்பீடு இருந்தால் நிறுவனம் அவருக்குப் பணம் தந்துவிடும். பிறகு அவரது இடத்தில் நின்று, அதே தொகையை ஆர்வலரிடம் கேட்டு வழக்குத் தொடரும்.

மோட்டார் வாகனங்களுக்குக் கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்பீடும் இங்கு கைகொடுக்காது. 250 வாட் திறனுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட மின்மிதிவண்டிக்குப் பதிவும் இல்லை, காப்பீடும் தேவையில்லை. பதிவு பெற்ற வண்டிக்கும் அக்காப்பீடு பொது இடத்தில் பயன்படுத்துவதை ஒட்டியதே. கூடத்தில் மின்னேற்றம் செய்வது அதில் அடங்குமா என்பதே வழக்காகிவிடும்.

தடை விதிப்பதால் பயனில்லை. தருவிப்பது மறைவாக நடக்கும். வீட்டுக் காப்பீட்டோடு அண்டை வீட்டார் இழப்புக்கான பொறுப்பையும் ஒரு கூடுதல் பிரிவாகச் சேர்க்க, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களைப் பணிக்கலாம். பிஐஎஸ் பதிவு பெற்ற பேட்டரிக்கும் உரிய சார்ஜருக்கும் பிரீமியத்தைக் குறைத்து, தானே கட்டிய பேட்டரிக்கு அதை உயர்த்தினால், ஆபத்தின் விலையை ஆர்வலர் பேட்டரி வாங்கும் முன்பே கணக்கிட நேரும்.