பினாயிலுக்கு வைத்த பரீட்சை

கோலாலம்பூரின் செராஸில் 1997-இல் திறந்து, இன்று துவாங்கு முஹ்ரிஸ் பெயரைத் தாங்கி நிற்கும் மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் தரை துடைக்கும் மருந்தை வாசனை பிடித்து வாங்கிவிட முடியாது. கிருமி செத்ததா என்று பார்த்தாக வேண்டும். ஆனால் ஒரு காலத்தில் மூக்குதான் நீதிபதி. நாற்றம் போனால் நோயும் போனது என்று நம்பினார்கள்.

இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தை அடக்க கார்பாலிக் அமிலம் ஊற்றினார்கள். நிலக்கரித் தாரிலிருந்து வடித்த சரக்கு அது. அந்தச் செய்தி காதில் விழுந்ததும் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் 1865-இல் கிளாஸ்கோவில், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுப் பையனின் புண்ணில் அதை வைத்துக் கட்டினார். கால் பிழைத்தது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? ஜெயஸ் திரவம் என்ற கிருமிநாசினி 1877-இல் வந்தது, லைசால் 1889-இல்.

எது உசத்தி? 1881-இல் ராபர்ட் கோக், பட்டு நூலில் ஆந்த்ராக்ஸ் வித்துகளைக் காயவைத்து மருந்தில் ஊறப்போட்டார். எண்ணெயில் கரைத்த கார்பாலிக் அந்த வித்துகளைக் கொல்லவில்லை. 1903-இல் ரைடீல், வாக்கர் என்ற இரு வேதியியலாளர்கள் கார்பாலிக்கையே அளவுகோலாக்கி, டைஃபாய்டு கிருமியைக் கொல்லும் திறனுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். 'ஆர்.டபிள்யூ.சி.' (ரைடீல்-வாக்கர் குணகம்) என்ற அந்த எண் கடல் தாண்டி, இந்தியக் கறுப்புப் பினாயிலின் தரத்தைப் பிரிக்கும் கணக்காகவும் ஆனது. எண் பெரிதென்றால் சரக்கு வீரியம், விற்பதும் எளிது.

அந்தப் பெருமையில் மண் போட்டவர் ஹேரியட் சிக் என்ற ஆய்வாளர். 1908-இல் சார்லஸ் மார்ட்டினுடன் சேர்ந்து, காய்ந்த மனித மலத்தைப் பொடித்துச் சோதனைக் குழாயில் கலந்தார். ஆஸ்பத்திரித் தரையில் சுத்தமான தண்ணீரா கிடக்கிறது? அழுக்கு சேர்ந்ததும் பல மருந்துகளின் எண் சரிந்தது. என் பார்வையில், இந்தக் கதையிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான்.

1951-இல் வேறொரு அதிர்ச்சி. பர்மிங்ஹாமில் லோபரி என்ற மருத்துவர், கிருமிநாசினிப் புட்டிக்குள்ளேயே சூடோமோனாஸ் கிருமி வளர்வதைக் கண்டார். அதற்கு வீடு கொடுத்தது கார்க் மூடி!

1966-இல் கெல்சி, மோரர் என்ற ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு, தரை துடைக்கும் வாளியிடமே போனார்கள். துடைத்து முடித்த வாளியிலிருந்து 1 மி.லி. எடுத்து, 9 மி.லி. திரவத்தில் கலந்து, கிருமி வளர்க்கும் இரண்டு தட்டுகளில் பத்துப் பத்துத் துளி. ஒன்று 37 பாகை செல்சியஸில் 3 நாள், மற்றது அறை வெப்பத்தில் 7 நாள். தட்டில் கிருமி நிறைய முளைத்தால் மருந்தை மட்டும் திட்டிப் பயனில்லை. அளவு பார்க்காமல் கலந்தவரோ, நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றையதை ஊற்றியவரோ, அலசாமல் ஊறிய மாப்போ காரணமாக இருக்கலாம்.