டேவிட் மார்ஷலும் சிங்கப்பூர்த் தன்னாட்சியின் சட்ட அடித்தளமும்

சிங்கப்பூர்த் தன்னாட்சியின் வரலாறு பெரும்பாலும் 1959 ஜூன் மாதத்தில், மக்கள் செயல் கட்சி ஆட்சிப் பொறுப்பேற்ற நாளிலிருந்தே எழுதப்படுகிறது. அதற்குமுன் பதினான்கு மாதங்கள் மட்டும் முதலமைச்சராக இருந்த வழக்கறிஞர் டேவிட் சால் மார்ஷல், லண்டன் பேச்சுவார்த்தையில் தோற்றுப் பதவி விலகியவர் என்ற ஒரே வரியில் கடந்து செல்லப்படுகிறார். குடியேற்ற ஆட்சி வகுத்துத் தந்த அரசமைப்பை அதன் சொந்த விதிகளைக் கொண்டே விரித்துப் பொருள் கண்டு, ஆளுநரின் கையிலிருந்த அதிகாரத்தை மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவையின் பக்கம் முதன்முதலாக நகர்த்தியவர் அவரே என்பதையும், தமிழ் சட்டமன்ற மொழியாக ஏற்கப்பட்டது அவருடைய ஆட்சிக் காலத்தில்தான் என்பதையும் நோக்கும்போது இம்மதிப்பீடு திருத்தப்பட வேண்டியதாகிறது.

சிங்கப்பூருக்கு ஆங்கிலச் சட்டமுறை 1826ஆம் ஆண்டின் இரண்டாம் நீதிச் சாசனத்தால் வந்தது. 1867 ஏப்ரல் 1ஆம் நாள் நீரிணைக் குடியேற்றங்கள், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றும், இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிக்கப்பட்டு லண்டன் குடியேற்ற அலுவலகத்தின் நேரடி ஆட்சிக்கு மாறியபோது சட்டமன்றமும் அமைக்கப்பட்டது. எனினும் அதன் உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்களே. வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் அரசை எதிர்த்து வாதிட முடிந்த அந்நகரில், அரசை அமைக்கும் உரிமை எவருக்கும் இல்லாதிருந்தது. சட்டமன்றத்துக்குத் தேர்தல் வழியே உறுப்பினர் வருவதற்கு 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மார்ஷல் 1908 மார்ச் 12 அன்று சிங்கப்பூரில், பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். அச்சமூகத்தின் தடங்கள் லிட்டில் இந்தியாவின் விளிம்பில் இன்றும் உள்ளன: சிலிகி சாலையும் புக்கிட் தீமா சாலையும் கூடுமிடத்தில் 1924இல் எழுந்த எல்லிசன் கட்டடம் தாவீதின் விண்மீனைத் தாங்கி நிற்கிறது, சிராங்கூன் சாலைப் பகுதி மாட்டு வணிகத்தால் வளர்ந்த காலத்தில் அத்தொழிலில் முன்னின்ற யூத வணிகரின் பெயரைப் பெலிலியோஸ் சாலை தாங்கியிருக்கிறது. தமிழரும் யூதரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த இந்நகரப் பகுதி, சிறுபான்மையோருக்குரிய பாதுகாப்பைச் சட்டத்தில் தேடிய ஒருவரின் பின்புலமாகக் கருதத்தக்கது. லண்டனில் சட்டம் பயின்று திரும்பிய மார்ஷல் தொண்டர் படையில் சேர்ந்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானியரின் போர்க்கைதியாகி, ஹொக்கைடோத் தீவின் சுரங்க வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். போருக்குப்பின் நகரின் தலைசிறந்த குற்றவியல் வழக்கறிஞர் என்ற பெயரைப் பெற்றார்.

சர் ஜார்ஜ் ரெண்டல் தலைமையிலான குழு பரிந்துரைத்து 1955இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, 32 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் 25 இடங்களைத் தேர்தலுக்கு விட்டது; வாக்காளர் பதிவு தானாக நடைபெறும் என்ற விதியால் வாக்காளர் தொகை ஏறத்தாழ 3 லட்சமாக உயர்ந்தது. 1955 ஏப்ரல் 2 அன்று நடந்த தேர்தலில் மார்ஷலின் தொழிலாளர் முன்னணி 10 இடங்களை வென்று, பிற கட்சிகளின் துணையோடு ஆட்சியமைத்தது. ஆனால் பாதுகாப்பு, நிதி, சட்டம் ஆகிய துறைகள் பிரிட்டிஷ் அதிகாரிகளிடமே இருந்தன. முதலமைச்சருக்கு ஓர் அலுவலக அறைகூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை என்பது அப்பதவியைக் குடியேற்ற அரசு எவ்வாறு எண்ணியது என்பதைக் காட்டுகிறது.

அதே ஆண்டு ஜூலையில் எழுந்த நெருக்கடியே இவ்வாய்வின் மையம். மார்ஷல் நான்கு துணை அமைச்சர்களை நியமிக்கக் கோரியபோது, புதிய ஆளுநர் சர் ராபர்ட் பிளாக் அதனை முழுமையாக ஏற்க மறுத்தார். முதலமைச்சரைக் கலந்துகொள்வது ஆளுநரின் கடமையென்றாலும், இறுதி முடிவு ஆளுநருடையதே என்பது அவர் கண்ட பொருள். மார்ஷலோ, மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவையைக் கலந்துகொண்டபின் அதன் அறிவுரையைத் தள்ளும் உரிமை ஆளுநருக்கு இருக்குமாயின் தேர்தலே பொருளற்றதாகும் என வாதிட்டு, அந்தப் பிணக்கைச் சட்டமன்றத்தின் முன் வைத்து, பதவி விலகுவதாகவும் எச்சரித்தார். நான்கு பதவிகளைப் பற்றிய சிறு சச்சரவாகத் தோன்றிய இது, ஆட்சியதிகாரம் எங்கே இருக்கிறது என்ற அடிப்படைக் கேள்வியாக மாறியது. லண்டன் இறங்கி வந்தது: முதலமைச்சரின் அறிவுரைப்படி ஆளுநர் செயல்படுவார் என்றும், அரசமைப்பு மாற்றம் குறித்துப் பேச்சு நடைபெறும் என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அரசமைப்பில் ஒரு பிரிவும் திருத்தப்படாமலே அதன் நடைமுறை மாறியது. இது ஒரு வழக்கறிஞரின் வெற்றி.

அவருடைய ஆட்சியில் நெருடலான பக்கமும் உண்டு. 1955 மே மாத ஹாக் லீ பேருந்துக் கலவரத்தில் நால்வர் மாண்டபின், தனிமனித உரிமைக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய அவரே, விசாரணையின்றித் தடுத்துவைக்க வழிசெய்யும் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றினார். அவசரகால விதிகளைக் கைவிடுவதற்கு அது மாற்று எனக் காரணம் கூறப்பட்டாலும், அக்காரணம் முரண்பாட்டை முழுமையாகத் தீர்ப்பதில்லை.

மொழித்துறையில் அவர் காலத்து முடிவுகள் நெடுங்கால விளைவுடையவை. சீனக் கல்வி பற்றிய அனைத்துக் கட்சிக் குழு, 1956 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது; அதே மாதம் சட்டமன்றமும் இந்நான்கு மொழிகளில் வாய்வழி விவாதம் நடைபெறலாம் எனத் தீர்மானித்தது. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருந்த தமிழர் பேசிய மொழிக்கு இவ்விடம் கிடைத்தது எண்ணிக்கையின் வலிமையால் அன்று. கூடவே, சீனாவில் பிறந்து வாக்குரிமையற்றிருந்த ஏறத்தாழ 2,20,000 பேரையும் உள்ளடக்கும் சிங்கப்பூர்க் குடியுரிமையையும் மார்ஷல் வலியுறுத்தினார். அக்குடியுரிமைச் சட்டம் அவருக்குப்பின் 1957 அக்டோபரில் நிறைவேறியது; ‘தமிழ் முரசு’ நிறுவனர் கோ. சாரங்கபாணி தமிழரைக் குடியுரிமை பெறுமாறு தூண்டியதும் இச்சூழலில்தான்.

1956 ஏப்ரல் இறுதியில் 13 பேர் கொண்ட அனைத்துக் கட்சிக் குழுவுடன் லண்டன் சென்ற மார்ஷல் முழுத் தன்னாட்சி கோரினார். குடியேற்றத்துறைச் செயலர் லெனாக்ஸ்-பாய்டு, உள்நாட்டுப் பாதுகாப்பில் இறுதிச் சொல் பிரிட்டனுடையதாகவே இருக்க வேண்டும் என்றார். மே மாதத்தில் பேச்சு முறிந்தது. தோற்றால் விலகுவேன் என்று மக்களுக்குக் கூறியிருந்த மார்ஷல் ஜூன் 7 அன்று விலகினார். அடுத்து வந்த லிம் இயூ ஹோக் 1957இல் கண்ட உடன்பாட்டில், உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுவில் பிரிட்டனுக்கும் சிங்கப்பூருக்கும் மும்மூன்று இடங்கள் தரப்பட்டு, ஏழாமவரான மலாயாப் பிரதிநிதியின் வாக்கு முடிவைத் தீர்மானிப்பதாக வகுக்கப்பட்டது. முந்தைய ஆண்டு மார்ஷல் ஏற்க மறுத்த பிரிட்டிஷ் மேலாண்மை இவ்வாறு தளர்ந்ததில், அவருடைய மறுப்புக்கும் பங்கு உண்டு என்று கொள்வதே பொருந்தும்.

மார்ஷல் 1957 நவம்பரில் பாட்டாளிக் கட்சியை நிறுவி, 1961இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்றார். கொலை வழக்குகளில் ஜூரி முறையை ஒழிப்பதை எதிர்த்து வாதிட்டார். 1978 முதல் பிரான்சில் சிங்கப்பூரின் தூதராகப் பணியாற்றி, 1995 டிசம்பர் 12 அன்று காலமானார். அவருடைய ஆட்சிக் காலத்தில் சட்டமன்றம் ஏற்ற நான்கு மொழிகள் இன்றும் நிலைத்திருக்கின்றன: சிங்கப்பூர்க் குடியரசின் அரசமைப்புச் சட்டம், அதன் 53ஆம் பிரிவில், நாடாளுமன்ற விவாதங்கள் மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய மொழிகளில் நடைபெறும் என்று விதிக்கிறது.